குரல் இல்லாத பக்கம்

இனி டீயை ஊதிக் குடிக்க முடியாது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியவை எவ்வளவோ இருந்தன. கழுத்தில் இருக்கும் துளை வழியாகத்தான் இனி மூச்சு. குளிக்கும்போது அதில் தண்ணீர் போகக் கூடாது. வெளியே கிளம்பினால் மெல்லிய துணி கட்டிக்கொள்ள வேண்டும். குரல்வளையை அறுவைசெய்து எடுத்த வேலூர் ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆம்பூருக்கு வந்த முதல் நாள் சாயங்காலம் மனைவி ஹுமேரா கொடுத்த டீயை வாங்கி, ஹபீப் பழக்கத்தில் உதட்டைக் குவித்தான். டீயின் மேல் படிந்த ஆடை அசையவில்லை. மறுபடி குவித்தான். பிறகு டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, அது தானாக ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூக்கு வழியாக மூச்சு போகாததால் வாசனையும் போய்விட்டது. காற்று, தோல் பதனிடும் டேனரிகள் உள்ள ஆற்றுப் பக்கமிருந்து அடிக்கும் நாட்களில் தெருவே முகத்தைச் சுளிக்கும். சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த அந்த நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவன் அவன். இப்போது ஹுமேரா ஜன்னலைச் சாத்த எழுந்தால் எதற்கு என்று கையால் கேட்பான்.

ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருந்தவன். மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே எழும்பிப் பழகிய குரல். வீட்டிலும் அதே குரல்தான். ஹுமேரா பேரணாம்பட்டிலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் அவனைப் பெரும்பாலும் காதால்தான் அறிந்திருந்தாள். கம்பெனி ஆட்கள் மூட்டையில் கொண்டுவந்து போடும், ஷூவின் மேல்தோலான அப்பர்களைப் பின்கட்டில் உட்கார்ந்து கையால் தைப்பது அவள் வேலை. இரண்டு ஊசி, மெழுகு தடவிய நூல், உள்ளங்கையில் ஒரு தோல் பட்டை. கண்ணை எடுத்தால் தையல் கோணும். ஆகவே அவன் முன்னறையிலிருந்து பேசுவான், இவள் தலை நிமிராமல் பதில் சொல்வாள். மூட்டை விலையிலிருந்து முதலாளி வீட்டுக் கல்யாணம் வரை எல்லாம் அந்தச் சுவரைத் தாண்டித்தான் நடந்தது.

இப்போது அவன் உதடுகளை மட்டும் அசைத்துப் பேசினான். மகள் அம்பரீனுக்கு அது இரண்டே வாரத்தில் பிடிபட்டுவிட்டது. ஹுமேராவுக்கு வரவில்லை. அவள் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள், ஒன்று கேட்டால் வேறொன்றைக் கொண்டுவந்து தருவாள். அவன் கோபப்படாமல் அதையே வாங்கி வைத்துக்கொள்வான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. போனில் எழுதிக் காட்டுவதும் கொஞ்ச நாள்தான் நடந்தது. கழுத்தில் வைத்து அழுத்தினால் பேசும் கருவி ஒன்றை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு வார்த்தை பேசினான். அதிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கருவியை மேசை மேல் திருப்பி வைத்துவிட்டான்.

அம்பரீன் காலை பஸ்ஸில் வாணியம்பாடிக் கல்லூரிக்குப் போனபின், அவள் திரும்பும்வரை அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள், பேச்சு இல்லை. பங்குனி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை சடசடக்கும். நூல் தோலுக்குள் போய் வரும் சத்தம் கேட்கும்.

அவன் குரலை ஹுமேரா வீடெல்லாம் தேடினாள். வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது அவனுக்குப் பிடிக்காது, அவள் போனில் ஒன்றுகூட இல்லை. நிக்காஹ் வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். ‘கபூல்’ என்று சம்மதம் சொல்லி அவன் உதடு அசையும் இடத்தில் வீடியோக்காரர் ஷெனாய் இசையைப் போட்டிருந்தார்.

அப்படியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து தெரு அடங்கிய நேரத்தில், பிரேம்நாத் ஒரு சாக்குப்பையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான்.

பிரேம்நாத் ஹபீபின் பள்ளிக்கூட நாள் தோஸ்த். டேனரியில் ஃபிட்டர். ஊரின் கஸ்பா பகுதியில் தனியாக இருந்தான். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்த நாளில் வராந்தாவில் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தவன். வந்தால் அதிகம் பேசமாட்டான். அன்றைக்கு டீ வந்ததும் ஹபீபின் டம்ளரை எடுத்து இரண்டு ஆற்று ஆற்றிக் கொடுத்தான். பிறகு தரையைப் பார்த்தபடி, பெங்களூரிலிருந்து முஜாஹித் என்று ஒரு பையன் போன் செய்ததாகச் சொன்னான். வாணியம்பாடிக்காரன். பழைய, வெளிவராத பாட்டுகளைத் தேடி வெளியிடுகிற சின்ன கம்பெனி வைத்திருக்கிறான். இந்தப் பக்கத்தில் ரெகே என்கிற ஜமைக்கா இசையும் ராப்பும் முதலில் பண்ணியது யார் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் தன்னிடம் வந்திருக்கிறான்.

ஹபீப் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“இன்னா பாட்டு?” என்றாள் ஹுமேரா.

பிரேம்நாத் அவளை நிமிர்ந்து பார்த்தான். “பாபி, இவன் உங்ககிட்ட சொன்னதே இல்லியா?”

“இன்னா சொல்லணும்?”

“பாடுவான்னு.”

ஹுமேரா கணவனைப் பார்த்தாள். அவனுடைய முதுகுதான் தெரிந்தது.

பிரேம்நாத் மெதுவாகச் சொன்னான். கல்யாணத்துக்கு முன் ஹபீபும் டேனரியில்தான் இருந்தான். தோல் மெஷின்களைப் பொருத்த ஓர் இத்தாலிக்காரர் வந்து சில மாதம் தங்கியிருந்தார். இங்கே பேச ஆளில்லாமல் அறையில் கேசட்டாகப் போட்டுக் கேட்பார். எல்லாம் ஜமைக்கா பாட்டு. வயரிங் பார்க்கப் போன பிரேம்நாத்தும் கூடப் போன ஹபீபும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஊருக்குத் திரும்பும்போது அவர் கேசட்டுகளையும், நாலு ஒலித்தடங்களைத் தனித்தனியாகப் பதிகிற ஒரு மெஷினையும் இவர்களுக்கே விட்டுப் போனார்.

“நம்ம நாலாம் ஷெட் டிரம்மு இருக்குதில்ல, பாபி. ரெண்டு ஆள் ஒசரத்துக்கு மரத்துல. உள்ள தோலு, தண்ணி. சுத்தும்போது தோலு மேல போயி தொப்புனு வுழும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் இருக்காது. மறுபடி தொப்பு. இவன்தான் சொன்னான், அந்த ஜமைக்காக்காரனும் இப்டிதான்டா வுட்டு வுட்டு அடிக்கிறான்னு.”

டேனரிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆனால் உள்ளே தோல் போட்டிருந்தால் டிரம் நிற்கக் கூடாது. காவலுக்கு பிரேம்நாத் இருப்பான். ஒரு மைக்கை டிரம் பக்கம் தொங்கவிட்டு, ஒன்றை ஹபீபின் வாயருகே கட்டிவிட்டு, பிரேம்நாத் கிதார் வாசிக்க, பேஸ் கிதாரைப் பிறகு தனித் தடத்தில் சேர்த்துப் பதிந்தார்கள். தமிழும் உருதுவும் கலந்து ஹபீப் பாடினான், பாதி நேரம் பேசினான். ஒன்பது பாட்டு. அதில் ஒன்று மட்டும் எப்படியோ நகல் ஆகி, கொஞ்ச நாள் வாணியம்பாடி ஷேர் ஆட்டோக்களில் ஓடியது; அந்த நகலும் இப்போது யாரிடமும் இல்லை. பிரேம்நாத் அதைப் பாடாமல், செய்தி படிக்கிற மாதிரி சொல்லிக் காட்டினான்.

“சங்கு ஊதி ஷிஃப்ட்டு முடிஞ்சா
சைக்கிள் எடுத்து எங்க போறது
ஆத்துக்குப் போனா ஆறு இல்ல
வூட்டுக்குப் போனா தூக்கம் இல்ல.”

பிறகு ஹபீபின் அப்பா தவறிப்போனார். ஹபீப் ஜமாஅத்தில் சேர்ந்து தொழுகையில் ஊன்றினான், கம்பெனி மாறினான், கல்யாணம் ஆனது. இனி இதெல்லாம் வேண்டாம், நீயே வைத்துக்கொள், யாருக்கும் போட்டுக் காட்டாதே என்று சொல்லிவிட்டான். பிரேம்நாத் போட்டுக் காட்டவில்லை. ஷூ டப்பாக்களில் போடும் சிலிக்கா பொட்டலங்களைக் கம்பெனி ஆட்களிடம் கேட்டு வாங்கி, கேசட்டுகளோடு தகரப் பெட்டியில் போட்டு, மழைக்காலம்தோறும் மாற்றிக்கொண்டு வந்தான்.

“ஒண்ணுகூட பூசணம் பிடிக்கல” என்றான், ஹபீபின் முதுகைப் பார்த்து.

ஹபீப் திரும்பினான். தலையை இடமும் வலமும் ஆட்டினான். பிரேம்நாத் வற்புறுத்தவில்லை. வெயிலில் தூக்கிப்போக முடியாது, அடுத்த வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, பெட்டியும் மெஷினும் இருந்த சாக்கைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனான்.

அந்த வாரம் முழுக்க ஹுமேரா தையலில் தப்பு விட்டாள். வீட்டைப் பெருக்கும்போது துடைப்பம் சாக்கில் இடித்தால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இத்தனை வருஷம் கேட்டது போய்விட்டது என்று நினைத்திருந்தாள். அது அவளுக்குத் தெரியாமல் வேறொரு வீட்டுப் பரணில் இருந்து, இப்போது அவன் படுத்திருக்கும் கட்டிலுக்குக் கீழேயே வந்து கிடக்கிறது.

புதன்கிழமை அம்பரீன் கல்லூரியிலிருந்து வந்து முகம் கழுவுவதற்குள் ஹுமேரா ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் உருதுதான். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வரும்.

“ஊரே கேட்டிருக்குது. ஆட்டோக்காரன் கேட்டிருக்கான். நான் மட்டும் கேக்கல. ஒரு தடவ கேக்குறேன். அப்புறம் எடுத்துக்குனு போவட்டும்.”

ஹபீப் உதடுகளை அசைத்தான். ஹுமேரா மகளைப் பார்த்தாள்.

“வேணாம்ங்கறாரு” என்றாள் அம்பரீன்.

“பாட்டு ஹராம்னா? நான் வெளிய குடுக்கச் சொல்லல. என் காதுல கேக்குறேன். அதுக்கு இன்னா?”

ஹபீப் நீளமாகப் பேசினான். கழுத்துத் துணி மூச்சுக்கு மேலெழுந்து அமர்ந்தது. அம்பரீன் அவன் வாயைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“அதுக்காக இல்லையாம். அதை அல்லாகிட்ட நான் பேசிக்கிறேன்னு சொல்றாரு.” கொஞ்சம் நிறுத்தினாள். “அந்தப் பெட்டியில இருக்கிறவன் பேசுவான்... பாடுவான்... நீங்க எல்லாரும் அவன் வாயையே பாத்துக்குனு இருப்பீங்க. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்குனு...”

அவள் மேலே சொல்லவில்லை. ஹபீப் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். பிறகு அவனும் நிறுத்தினான். ஹுமேரா எழுந்து பின்கட்டுக்குப் போனாள். அன்று ராத்திரி கஞ்சியை அம்பரீன்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பிரேம்நாத் வந்தபோது ஹபீப் போனில் எழுதி வைத்திருந்தான். வாங்கிப் படித்த பிரேம்நாத், ஹுமேராவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தான். என் குரலை எடுத்துவிட்டு மற்றதை அந்தப் பையனுக்குக் கொடு. உன் வாசிப்பு ஏன் பெட்டியில் கிடக்க வேண்டும். என் குரலை அழித்துவிடு.

பிரேம்நாத் போனைக் கட்டில்மேல் வைத்தான். இதெல்லாம் முடியுமா என்று ஹுமேரா கேட்டாள்.

“முடியும், பாபி. குரல் தனித் தடத்துல இருக்குது. ஜமைக்காக்காரங்க அப்டிதான் போடுவாங்க. ரிக்கார்டுல ஒரு பக்கம் பாட்டு. திருப்பிப் போட்டா அதே பாட்டு, ஆளு மட்டும் இருக்கமாட்டான்.” பிறகு ஹபீபிடம் திரும்பினான். “டேய், அழிச்சா அழிச்சதுதான். அப்புறம் என்னைக் கேக்காத.”

ஹபீப் தலையசைத்தான்.

பெங்களூருக்கு அனுப்பப் பதிந்துகொள்ள, மெஷினை அம்பரீனின் லேப்டாப்போடு இணைத்தார்கள். பிரேம்நாத் குரல் தடத்தின் ஒலிக்குமிழை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு முதல் கேசட்டை ஓடவிட்டான். ஹுமேரா பின்கட்டில் ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். முதலில் டிரம் வந்தது. பெரிய மரம் திரும்பும் முனகல், பிறகு நனைந்த தோல் விழும் சத்தம். அதன்மேல் கிதார், சின்னதாக, வெட்டி வெட்டி. அடியில் பேஸ் வந்தபோது தரையில் வைத்திருந்த டம்ளர் நடுங்கியது. பாட்டு ஒரு சுற்று சுற்றி வந்து, யாருக்கோ வழிவிடுவதுபோல ஒதுங்கி நின்றது. அங்கேதான் அவன் பாடியிருக்கிறான் என்று ஹுமேராவுக்குப் புரிந்தது. அந்த இடம் முடிந்ததும் கிதார் மறுபடி முன்னால் வந்தது.

பாட்டு முடிந்ததும் பிரேம்நாத் டேப்பைப் பின்னோக்கிச் சுற்றி, குரலின் தடத்தில் வெறுமையைப் பதிய வைத்தான். பாட எவ்வளவு நேரம் ஆனதோ, அழிக்கவும் அவ்வளவு நேரம் ஆனது. அந்த நேரமெல்லாம் மெஷினின் சக்கரங்கள் மட்டும் ஓடின. தெருவில் ஒருவன் தர்பூசணி விற்றுக்கொண்டு போனான்.

இரண்டாவது பாட்டின்போது அம்பரீன் தன் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். அழிக்கும் முன் ஒரு தடவை குமிழைத் திருப்பிவிட்டால் போதும், இதில் பிடித்துவிடலாம், அப்பாவைக் கொல்லைப்பக்கம் கூப்பிடுங்கள் என்று காதோடு சொன்னாள். ஹுமேரா போனைப் பார்த்தாள். பிறகு அதை மகள் கையிலேயே கவிழ்த்துவைத்தாள்.

“வேணாம். அவரு வாய நான் திருடக் கூடாது.”

ஒரே நாளில் முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் பிரேம்நாத் வந்தான். ஒவ்வொரு பாட்டும் ஒரு தடவை ஆளில்லாமல் ஓடியது, இன்னொரு தடவை சத்தமே இல்லாமல் ஓடியது. ஹபீப் கட்டிலில் உட்கார்ந்து சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிரேம்நாத் கேசட்டை மாற்றும்போதெல்லாம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

கடைசிப் பாட்டின் நடுவில் கிதார் நின்றது. பேஸும் நின்றது. டிரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஏதோ பிசகிவிட்டது என்று அம்பரீன் கையை நீட்டினாள். பிரேம்நாத் தடுத்தான். டிரம்முக்குப் பின்னால், மிகத் தொலைவில், தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது.

“அஸர் பாங்கு” என்றான். “பாங்கு சொன்னா வாசிக்கக் கூடாதில்ல. கைய எடுத்துட்டோம். மெஷின நிறுத்தல. அந்த பட்டன அமுக்குனா டக்குனு ஒரு சத்தம் வுழும், டேப்புல ஏறிடும். சரி, ஓடட்டும்னு வுட்டுட்டேன். மறந்தே போச்சு.”

மெஷினில் நாலு தடத்துக்கும் ஒலி அளவைக் காட்டும் நாலு முள் இருந்தன. கிதாரின் முள்ளும் பேஸின் முள்ளும் படுத்திருந்தன. குரலின் முள் லேசாக எழுவதும் விழுவதுமாக இருந்தது. ஹபீப் அதையே பார்த்தான். பிறகு கையை நீட்டிக் குமிழைத் தானே திருப்பினான்.

தூரத்தில் மோதினார் ஒரு வரியைச் சொல்லி நிறுத்தும்போது, மைக்குக்கு மிக அருகில் ஒருவன் அதே வரியைக் கிசுகிசுத்தான். பாங்கு கேட்கும் எல்லாரும் வாய்க்குள் சொல்லிக்கொள்வதுதான். குரல் என்று சொல்ல முடியாது. மூச்சு எழுத்துகளாக ஆகியிருந்தது, அவ்வளவுதான். ஹுமேரா மடியிலிருந்த அப்பர்கள் சரிய எழுந்து வந்து கதவருகே நின்றாள். தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். வரி வரியாக அவன் சொல்லி முடித்தான். பாங்கு நின்றது. டிரம்மில் தோல் விழுந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“ம், வுடு பிரேம்” என்றான் ஹபீப், பெட்டிக்குள்ளிருந்து.

சாதாரணமாகச் சொன்னான். டீயை எடு என்று சொல்கிற மாதிரி. உடனே கிதார் ஆரம்பித்தது. கட்டிலில் இருந்த ஹபீப் குமிழைக் கீழே இறக்கிவிட்டான். பாட்டு ஆளில்லாமல் கடைசிவரை ஓடி நின்றது.

பிரேம்நாத் டேப்பைப் பின்னோக்கிச் சுற்றினான். பட்டன்மேல் விரலை வைத்தவன் அழுத்தவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

ஹபீப் அவனைப் பார்த்து, ஏன் என்பதுபோல் தாடையை உயர்த்தினான்.

“பாங்க நான் அழிக்க மாட்டேன்டா.”

ஹபீப் உதட்டை அசைத்தான். அம்பரீன் சொல்வதற்குள் பிரேம்நாத்தே தொடர்ந்தான். “உன் குரல்தான், தெரியுது. வாயில இருக்கிறது இன்னா? அல்லா பேரு. என் கையால அத நான் அழிக்கவா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருகிட்ட போயி நிப்பேன்? நீ வேணும்னா அழி. இந்தா, இந்த பட்டனுதான்.”

மெஷினை அவன் பக்கம் தள்ளினான். ஹபீப் பட்டனைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். மெஷின் சூடாகி ஒரு மெல்லிய ரீங்காரம் வந்தது. ஹுமேரா கதவருகிலிருந்து நகரவில்லை. கடைசியில் ஹபீப் மெஷினைத் திரும்பவும் பிரேம்நாத் பக்கமே தள்ளினான்.

பாங்குக்கு முன்னால் பாடியிருந்ததை பிரேம்நாத் அழித்தான். பாங்கு முழுவதையும் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வருகிற பாட்டையும் அழித்தான். ‘வுடு பிரேம்’ என்பது பாங்கைச் சேர்ந்ததா, பாட்டைச் சேர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அவன் பட்டனை அழுத்தியபோது கிதார் ஆரம்பித்துவிட்டிருந்தது.

பெங்களூருக்கு அனுப்பும்போது பாங்கு வரும் இடத்தை பிரேம்நாத் வெட்டிவிட்டான். பாட்டு நடுவில் அது போகக் கூடாது என்றான். பாங்கு இருந்த அந்தக் கேசட்டையும் மெஷினையும் ஹுமேராவிடம் கொடுத்துவிட்டு, காலி சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நடந்தான். தெருமுனையில் திரும்பும்வரை ஹபீப் ஜன்னலில் நின்று பார்த்தான்.

குரல் இல்லை என்றதும் முஜாஹித் போனில் அதையே திரும்பத் திரும்பக் கேட்டானாம். ஆனாலும் வெளியிட்டான். கேட்டவர்களில் சிலர் பாடகர் எங்கே என்று எழுதியிருந்ததை அம்பரீன் அப்பாவுக்குக் காட்டினாள். அவன் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

ஹுமேரா கேசட்டை இன்னும் போடவில்லை. அவன் வீட்டில் இருக்கும்போது போட மனம் வரவில்லை. அவன் வீட்டைவிட்டு எங்கும் போவதில்லை.

கோடையின் முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு பிற்பகல். வாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்பரீன் இன்னும் வரவில்லை. ஹுமேரா மூட்டையை முன்னறைக்கே இழுத்து வந்து, கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அஸர் பாங்கு கேட்டது. தலையை மூடிக்கொண்டு நிமிர்ந்தபோது ஹபீபின் உதடுகள் அசைவதைப் பார்த்தாள். மோதினார் நிறுத்தும் இடத்தில் அவன் ஆரம்பித்தான். ஒவ்வொரு சொல்லும் அவளுக்குத் தெரிந்தது, அவன் எங்கே இழுக்கிறான், எங்கே மூச்சு விடுகிறான் என்பதுவரை. அவளும் கூடவே வாய்க்குள் சொன்னாள். பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், தெருவில் நின்றவர்களும் சத்தமில்லாமல் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பாங்கு முடிந்தது. ஹபீப் அவளைப் பார்த்து ஏதோ சொன்னான். அவளுக்குப் புரியவில்லை. தண்ணீரா என்று கேட்டாள். இல்லை என்றான். ஜன்னலைக் காட்டினாள். அதுவும் இல்லை. பரவாயில்லை என்று அவன் கையை அசைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பப் போனான்.

ஹுமேரா அப்பரைக் கீழே வைத்து, உள்ளங்கைப் பட்டையைக் கழற்றினாள். எழுந்து போய்க் கட்டில் விளிம்பில் அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

“இன்னொரு தரம் சொல்லுங்க” என்றாள்.